ஒரே கஜானா, மூன்று பல்கலைக்கழகங்கள்: அலாஸ்காவில் எது யாருக்கு?

அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றல்ல, மூன்று. உள்நாட்டில் ஃபேர்பேங்க்ஸ், கடலோரப் பெருநகரமான ஆங்கரேஜ், தென்கிழக்கில் தலைநகர் ஜூனோ. அங்கீகாரம் தனித்தனி, பட்டம் தனித்தனி. ஆனால் தலைவர் ஒருவர், ஆட்சிக்குழு ஒன்று, மாநில அரசு தரும் மானியமும் ஒன்று. அதனால் ஒரு வளாகத்தில் புதுத் துறை தொடங்கினால், அடுத்த வளாகத்துக்காரர்கள் வாழ்த்துவதற்கு முன் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

வயதில் மூத்தது ஃபேர்பேங்க்ஸ். 1917-ல் வேளாண் கல்லூரியும் சுரங்கப் பள்ளியுமாகச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். 1922-ல் கதவு திறந்தபோது மாணவர்கள் ஆறு பேர், ஆசிரியர்களும் ஆறு பேர். மறுவருடப் பட்டமளிப்பில் பட்டம் வாங்கியது ஒரே ஒருவர். மாநிலத்துக்கு முன்பே பல்கலைக்கழகம் வந்துவிட்டது என்பதுதான் இதன் தனிப் பெருமை. 1955-56 குளிர்காலத்தில் 55 பிரதிநிதிகள் இந்த வளாகத்தில் கூடி அரசியல் சாசனத்தை எழுதினார்கள். அலாஸ்கா மாநிலமானது 1959-ல்தான்.

ஆங்கரேஜின் பிறப்பு இவ்வளவு கம்பீரமானதல்ல. 1954-ல் விமானப்படைத் தளத்தில் மாலை வகுப்புகளாக ஆரம்பித்த சமூகக் கல்லூரி அது. 1980களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்து மாநில வருமானம் படுத்தபோது, 1987-ல் பெரும்பாலான சமூகக் கல்லூரிகளை மூன்று பல்கலைக்கழகங்களுக்குள் இணைத்தார்கள். வேலை முடிந்து வந்து படிப்பவர்களுக்கான இடம் என்ற குணம் ஆங்கரேஜிடம் இன்னும் மாறவில்லை. அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

ஆராய்ச்சி என்று வந்தால் இது போட்டியே அல்ல. 1946-ல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புவி இயற்பியல் நிறுவனம் ஃபேர்பேங்க்ஸில் இருக்கிறது. துருவ ஒளி பற்றிய நவீன அறிவில் பெரும்பகுதி இங்கே வேலை பார்த்தவர்களிடமிருந்து வந்தது. சிட்னி சாப்மன், சியூன்-இச்சி அகசோஃபு என்ற இரண்டு பெயர்களே போதும். ஊருக்கு வடகிழக்கே 50 கிலோமீட்டர் அளவில் போக்கர் ஃபிளாட் ராக்கெட் தளம். ஒரு பல்கலைக்கழகமே சொந்தமாக வைத்திருக்கும் ஏவுதளம் உலகில் வேறு இல்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குச் சொந்தமான சிக்குலியாக் ஆய்வுக்கப்பலை இயக்குவதும் இவர்கள்தான். முக்கால் மீட்டர் தடிமனுள்ள பனியை உடைத்துக்கொண்டு போகும் கப்பல் அது. ஊரில் கடல் கிடையாது, கப்பல் நிற்பது தெற்கே சீவர்ட் துறைமுகத்தில்.

2015-ல் அமெரிக்க விமானப்படையிடமிருந்து ஹார்ப் நிலையமும் கைமாறி வந்தது. மேல்வளிமண்டலத்தின் அயனிப் படலத்துக்கு வானொலி அலைகளை அனுப்பிப் பார்க்கும் ஆண்டெனா வயல். புயல் வந்தாலும் நிலநடுக்கம் வந்தாலும் இதன் தலையில் பழி போடும் கூட்டம் உலகமெங்கும் உண்டு. பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து, வந்து பாருங்கள் என்றது. வதந்திக்காரர்கள் அடங்கவில்லை என்றாலும் எனக்குப் பிடித்த பதில் இது.

ஆங்கரேஜின் பலம் மனிதர்கள். மாநில மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஊரில். மருத்துவமனையும் விமான நிலையமும் எண்ணெய் நிறுவன அலுவலகங்களும் அங்கேதான். அலாஸ்காவுக்குத் தனி மருத்துவக் கல்லூரி இல்லை. 1971 முதல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கும் திட்டம் வழியாகத்தான் மருத்துவர்கள் உருவாகிறார்கள். அதன் அலாஸ்கா வகுப்புகள் ஆங்கரேஜ் வளாகத்தில் நடக்கின்றன. 1995-ல் தொடங்கிய பூர்வகுடி மாணவர்களுக்கான அறிவியல், பொறியியல் திட்டம் மாணவர்களைப் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துத் தயார்செய்கிறது. என்னைக் கேட்டால் மூன்று வளாகங்களிலும் சேர்த்து மிக நல்ல யோசனை இதுதான்.

சறுக்கலும் உண்டு. 2019 ஜனவரியில் ஆங்கரேஜின் ஆசிரியர் பயிற்சிப் படிப்புகள் தேசிய அங்கீகாரத்தை இழந்தன. மறுபடி முயல்வதில்லை என்று ஆட்சிக்குழு முடிவெடுக்க, அந்தப் பொறுப்பு மற்ற இரண்டு வளாகங்களுக்கும் போனது. மாநிலத்தின் மிகப் பெரிய ஊரில் ஆசிரியராகப் படிக்க வெளியூர் வளாகத்தில் பதிய வேண்டிய நிலை! அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2018 நவம்பர் 30-ல், 7.1 அளவு நிலநடுக்கம் ஊரை ஆட்டியிருந்தது. குலுங்கியது ஆங்கரேஜ், அலாஸ்கா நிலநடுக்க மையம் இருப்பது ஃபேர்பேங்க்ஸில்.

2019-ன் பெரிய இடி இன்னும் வரவில்லை. குடிமக்களுக்கு ஆண்டுதோறும் தரும் எண்ணெய்ப் பங்குத்தொகையை முழுதாகத் தருவேன் என்று சொல்லி வென்ற ஆளுநர் மைக் டன்லீவி, பல்கலைக்கழக மானியத்தில் கைவைத்தார். சட்டமன்றம் குறைத்ததோடு சேர்த்து 13.5 கோடி டாலர், அதாவது மாநில மானியத்தில் 41 சதவீதம் போனது. ஜூலையில் ஆட்சிக்குழு நிதி நெருக்கடியை அறிவித்தது. ஆகஸ்டில் மூன்றாண்டுகளில் 7 கோடி குறைப்பு என்று சமரசம் ஆனது. இடைப்பட்ட வாரங்களில் எழுந்த யோசனைதான் மூன்றையும் ஒரே அங்கீகாரத்தின்கீழ் ஒரே பல்கலைக்கழகமாக்குவது. காகிதத்தில் கவர்ச்சியானது: மூன்று நிர்வாகத்துக்குப் பதில் ஒன்று, ஒரே பாடத்துக்கு மூன்று துறைகள் வேண்டாம். ஆனால் ஃபேர்பேங்க்ஸுக்கும் ஆங்கரேஜுக்கும் நடுவே சாலையில் சுமார் 580 கிலோமீட்டர், ஜூனோவுக்குச் சாலையே கிடையாது, விமானம் அல்லது படகுதான். துறையை ஒரே ஊரில் குவித்தால் இரவு வகுப்புக்கு வரும் செவிலியர் எங்கே போவார்? யோசனை தள்ளிவைக்கப்பட்டது சரியே. மறு ஆண்டு ஜூனோவை மட்டும் இன்னொன்றோடு இணைக்கப் பார்த்தார்கள்; அதுவும் நடக்கவில்லை.

ஜூனோ சிறியது. பனிப்பாறைக்குப் பக்கத்து ஊர், சிட்காவிலும் கெச்சிகனிலும் கிளைகள். ஆசிரியர் பயிற்சிக்கும், ட்லிங்கிட் போன்ற பூர்வகுடி மொழிகளைக் கற்பதற்கும் இங்கே வரலாம். வேறு பெரிய காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

விளையாட்டில் சண்டை சுவையானது. ஐஸ் ஹாக்கியில் ஃபேர்பேங்க்ஸும் ஆங்கரேஜும் பரம வைரிகள். 2020-ல் செலவைக் குறைக்க ஆங்கரேஜ் ஹாக்கி அணியையே கலைக்க முடிவானது. ரசிகர்கள் சுமார் 30 லட்சம் டாலர் திரட்டி 2022-ல் அதை மறுபடி களத்தில் இறக்கினார்கள். எதிரி இல்லாமல் ஃபேர்பேங்க்ஸுக்கு ஏது ஹாக்கி? துப்பாக்கி சுடுதலில் மட்டும் ஃபேர்பேங்க்ஸ் தனிக்காட்டு ராஜா. 2023 வரை 11 தேசியக் கல்லூரிப் பட்டங்கள். 2020-ல் மூன்று வளாகங்களுக்கும் தலைவராக வந்த பாட் பிட்னியும் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றவர். பெண்களுக்கு அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல்முறை.

முனைவர் பட்டம், பனி, வானம், பூகம்பம் என்று தேடுபவர் ஃபேர்பேங்க்ஸ் போகட்டும். டிசம்பரில் நான்கு மணி நேரத்துக்கும் குறைவான பகல், மைனஸ் 40 டிகிரி வரும் நாட்கள். அந்தக் குளிரில் வெப்பநிலைப் பலகை முன்னால் நீச்சலுடையில் நின்று படம் எடுத்துக்கொள்வது மாணவர்களின் வழக்கம், அவ்வளவுதான். வேலையோடு பட்டம் வேண்டுமென்றால் ஆங்கரேஜ்.

2027-க்குள் அமெரிக்காவின் உச்ச ஆராய்ச்சிப் பல்கலைக்கழக வரிசையில் சேர்வது ஃபேர்பேங்க்ஸின் இலக்கு. அதற்கு ஆண்டுதோறும் முனைவர் பட்டங்களைக் கூட்ட வேண்டும், அதற்கு மாநிலப் பணம் வேண்டும். சட்டமன்றத்தில் அதிக உறுப்பினர்கள் ஆங்கரேஜ்காரர்கள். அவர்களிடம் போய்த்தான் ஃபேர்பேங்க்ஸ் கேட்டாக வேண்டும்.