வடசென்னை மொட்டை மாடியில் சோலார்: சில வருட அனுபவம்

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டுச் சில வருடங்கள் ஓடிவிட்டன. போடலாமா என்று கேட்கிறவர்களிடம், பேனல் எந்தக் கம்பெனி என்று அலசுவதைவிட அதைத் தாங்கும் ஸ்டாண்டையும் கழுவப்போகும் தண்ணீரையும் முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நம் பக்கம் உப்புக்காற்று யாரையும் விடாது. துரு முதலில் பிடிப்பது பைப்பை அறுத்த முனையிலும் துளை போட்ட இடத்திலும்தான். அங்கே துத்தநாகப் பூச்சு போயிருக்கும். ஸ்டாண்டு நிறுத்துகிற அன்றைக்கே அந்த இடங்களில் துத்தநாக பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

அடுத்தது தூசி. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை பக்கத்திலேயே இருப்பதால், பேனலை விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டும். மழை இல்லாத மாதங்களில் யூனிட் மெல்ல இறங்குவது சோலார் இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பிலேயே தெரியும். கழுவினால் மறுநாளே ஏறிவிடும். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புக் கறை படியும். மெட்ரோ தண்ணீரும் மென்மையான மாப்பும் போதும். விடியற்காலையில் கழுவுங்கள்; சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை வருகிறது. ஆனால் கத்திரி வெயிலில் கொட்டும் என்று நினைக்காதீர்கள். பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் செல்லின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த சிலிக்கான் செல், விழும் வெயிலில் ஏறக்குறைய 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக மாற்றியது. இன்றைய வீட்டு பேனல்கள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. சூட்டில் சோர்ந்துபோகும் குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்புறம், கரண்ட் கட். "அண்ணே, லைன்ல கரண்ட் போச்சுன்னா இதுவும் நின்னுடும்" என்று மாட்ட வந்த தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு அப்படித்தான். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு கரண்ட் பாயக் கூடாதே! புயல் நாட்களுக்குப் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைத் தனியாக வைத்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்து எண்ணூரில் நிலக்கரியில் ஓடிய அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. ஊருக்கெல்லாம் விளக்கெரிய, நிலக்கரிச் சாம்பலைச் சுமந்தவர்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள். சோலார் வெளிச்சம் முதலில் வரவேண்டியது இங்கேதான் என்பது என் திடமான எண்ணம்.

ஏசி ஓடும் வீடென்றால் தாராளமாகப் போடலாம். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இரண்டு மாதத்துக்கு இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே முடிகிற வீட்டுக்கு இப்போதைக்கு அவசரமில்லை.