கூத்துப் பதிவுக்கு பிரவுசர் மைக்: நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

தர்மபுரி, பென்னாகரம் வட்டாரத்தில் தெருக்கூத்து ஒத்திகைகளை ஒலிப்பதிவு செய்து வருகிறேன். செயலி எதையும் நிறுவச் சொன்னால் கலைஞர்கள் தயங்குகிறார்கள். அதனால், இணைப்பைத் தட்டியதும் பதிவாகும் வலைப்பக்கம் ஒன்றை எழுதினேன். எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) முகவரியாக இல்லாவிட்டால் பிரவுசர் மைக்கையே தராது என்பதால் அதை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும்.

மைக்கைத் திறக்கும்போது எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு ஆகிய மூன்றையும் பிரவுசர் பொதுவாகத் தானே போட்டுக்கொள்கிறது. அழைப்பில் பேசுபவருக்கு அது வரம், கூத்துக்குக் கேடு. முகவீணை என்ற ஊதுகருவியை வாசிப்பவர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தால், இரைச்சல் குறைப்பு அதை மின்விசிறிச் சத்தமாகக் கருதி மெல்ல மெல்ல அமுக்கிவிடுகிறது. மத்தளத்தில் அடி ஓங்கி விழுந்த மறுகணம் ஒலியளவு சரிகிறது, பின்பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. அடி ஓய்ந்ததும் தெருநாய் குரைப்பு மேலெழுந்து வருகிறது!

மைக்கைத் திறக்கும் நிரலில் இவற்றின் பெயர்களான எக்கோகேன்சலேஷன், நாய்ஸ்சப்ரஷன், ஆட்டோகெயின்கன்ட்ரோல் மூன்றுக்கும் ஃபால்ஸ் (வேண்டாம்) என்று கொடுத்தால் முகவீணை உயிர் பெறுகிறது. ஆனால் வெறுமனே கொடுக்கும் மதிப்பு பிரவுசருக்கு விருப்பம் மட்டுமே. முடிந்தால் கேட்கும், முடியாவிட்டால் சொல்லாமலே விட்டுவிடும். எக்ஸாக்ட் (இதுவே வேண்டும்) என்று அழுத்திக் கேட்டால், கருவியால் இயலாதபோது ஓவர்கன்ஸ்ட்ரெயிண்ட் பிழை வந்து மைக்கே திறக்காது. அந்த பிரவுசருக்குத் தெரியாத அமைப்பின் பெயராக இருந்தாலோ எக்ஸாக்ட் போட்டும் பயனில்லை, ஓசையின்றிப் புறக்கணித்துவிடும். கூத்து தொடங்கும் வேளையில் சிவப்புப் பிழைச்செய்தியை யார் பார்ப்பது? விருப்பமாகவே கேட்டுவிட்டு, டிராக்கின் (மைக்கிலிருந்து வரும் ஒலியோட்டம்) நடப்பு அமைப்பைச் சொல்லும் கெட்செட்டிங்ஸில் உண்மையில் என்ன அமைந்தது என்று பார்த்து, பதிவுப் பொத்தானுக்குக் கீழே பெரிய எழுத்தில் காட்டுகிறேன். இந்தப் பக்கத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

ஓடும் டிராக்கிலேயே அமைப்பை மாற்ற அப்ளைகன்ஸ்ட்ரெயிண்ட்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. டிராக்கை நிறுத்திவிட்டு மைக்கைப் புதிதாகத் திறப்பதே தோதாக இருக்கிறது. இடைவேளையில் மட்டும் நிறுத்துவதில்லை. டிராக்கின் எனேபிள்ட் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பதிவில் மௌனம் விழும், டிராக் உயிரோடிருக்கும். ஸ்டாப் கொடுத்துவிட்டால் அந்த டிராக் முடிந்துபோனது, மீட்க வழியில்லை.

புளூடூத் ஹெட்செட்டை யாரும் மாட்டிக்கொள்ள விடாதீர்கள். அதன் மைக்கைத் திறந்ததும் பெரும்பாலானவை அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடுகின்றன. பிட்ரேட்டை (பதிவில் ஒரு நொடிக்குச் சேரும் தரவின் அளவு) 1,28,000 என்று உயர்த்தினாலும் மைக்கிலேயே இழந்த ஒலி திரும்ப வராது.

இன்னும் தீராத தலைவலி ஒன்று உண்டு. சில போன்களில் மூன்றும் அணைந்திருப்பதாக கெட்செட்டிங்ஸ் சொல்லும், ஆனாலும் முகவீணை தேய்ந்துதான் கேட்கும். பிரவுசருக்குக் கீழே போனே ஏதோ செய்கிறது. வலைப்பக்கத்தின் கை அங்கே எட்டாது. அத்தகைய போன்களைக் கட்டியக்காரன் வசனத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பேச்சென்றால் அவை பிரமாதம்.