சிவப்புப் பட்டையா, பித்தளை வில்லையா? ஹோம் கார்ட் ரைஃபிளில் எந்தக் குறியை நம்புவது

1940 மே 14 அன்று அந்தோணி ஈடன் வானொலியில் அழைப்பு விடுத்ததும் பிரிட்டனில் உள்ளூர்த் தற்காப்புத் தொண்டர் படை உருவானது. ஜூலையில் அதன் பெயர் ஹோம் கார்ட் என்று மாறியது. ஆட்கள் திரண்ட வேகத்துக்கு ஆயுதம் வந்து சேரவில்லை. பிரான்சின் டன்கர்க்கில் ராணுவம் தளவாடங்களை விட்டுவிட்டு வந்திருந்ததால், பிரிட்டனின் வழக்கமான 303 (0.303 அங்குல) தோட்டாவுக்கான ரைஃபிள்கள் ராணுவத்துக்கே தேவைப்பட்டன. அந்தக் கோடையில் அமெரிக்காவிலிருந்து சுமார் 5 லட்சம் மாடல் 1917 ரைஃபிள்கள் வந்தன. கனடாவின் ராஸ், பிரிட்டனுக்காக அமெரிக்காவில் செய்த பேட்டர்ன் 14 ஆகியவையும் தொண்டர்கள் கைக்குப் போயின. இன்று அப்படியொரு துப்பாக்கி கிடைத்தால், "இது எந்தப் பிரிவுடையது?" என்று தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது?

முதலில் எல்லார் கண்ணையும் இழுப்பது சிவப்புப் பட்டை. மாடல் 1917, அமெரிக்க 30-06 தோட்டாவுக்கானது. பேட்டர்ன் 14 பார்ப்பதற்கு ஏறக்குறைய அதேபோல் இருக்கும், ஆனால் 303 தோட்டாவுக்கானது. இரண்டையும் வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் என்ற அதே மூன்று ஆலைகள்தான் செய்தன. இருட்டில் காவல் நிற்பவர் தோட்டாவை மாற்றிப் போட்டால் ஆபத்து. அதனால் அமெரிக்க ரைஃபிளின் மரத்தைச் சுற்றி சுமார் 2 அங்குல அகலத்தில் சிவப்பு வண்ணம் பூசினார்கள். சிலவற்றில் அதன் மேல் கறுப்பில், அந்தத் தோட்டாவின் அளவைக் குறிக்கும் 300 என்ற எண்ணும் உண்டு.

ஆகவே பட்டை சொல்வது தோட்டாவைப் பற்றித்தான். பிரிவின் பெயர் அதில் இல்லை. பிரிட்டிஷ் சேவையில் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. எந்த ஊர்ப் படை என்பதற்குச் சாட்சியே அல்ல. மேலும், வண்ணம் பூச ஒரு தூரிகை போதும். பட்டை பளிச்சென்று புதிதாகத் தெரிந்து, மரத்தின் கீறல்களுக்குள்ளும் வண்ணம் இறங்கியிருந்தால் நான் சந்தேகப்படுவேன். கீறல்கள் வண்ணத்தை அறுத்துக்கொண்டு போயிருந்தால் நம்பிக்கை கூடும்.

பித்தளை வில்லை இதற்கு நேர் எதிர். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ-என்ஃபீல்ட் ரைஃபிளின் அடிக்கட்டையில் (தோளில் பதியும் மரப்பகுதியில்) வலப்புறம் திருகி வைத்த சின்ன வட்டம் அது. ரெஜிமென்டின் சுருக்கெழுத்து, பட்டாலியன் எண், மாதமும் ஆண்டும், அந்தத் துப்பாக்கியின் வரிசை என இத்தனையையும் அதில் படிக்க முடியும். படிப்பவருக்கு இதைப்போல் இன்பம் தரும் குறி வேறில்லை. 1916இல் வந்த எளிமைப்படுத்திய மாதிரியில் வில்லையைக் கைவிட்டார்கள். அதனால் வில்லையில் இருப்பது பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்தைய, அல்லது அதன் தொடக்க கால உரிமையாளர். 1940இல் அதைத் தோளில் சுமந்த தொண்டரின் பட்டாலியன் அதில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். ஒரே ஒரு திருகில் நிற்பதால் கழற்றி மாற்றுவதும் எளிது. புதிதாகச் செய்த நகல் வில்லைகளும் விற்கின்றன.

எனக்கு அதிகம் பிடித்த சாட்சி, யாரும் உற்றுப் பார்க்காத இடத்தில் இருக்கிறது: ரிசீவர், அதாவது குழலின் பின்முனை பொருந்தியிருக்கும் உலோக உடல். பேட்டர்ன் 14இன் வரிசை எண்ணுக்கு முன்னால் வின்செஸ்டர் என்றால் டபிள்யூ, ரெமிங்டன் என்றால் ஆர்.ஏ., எடிஸ்டோன் என்றால் ஈ.ஆர்.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். மாடல் 1917இல் 'யு.எஸ். மாடல் ஆஃப் 1917' என்றே பொறித்திருக்கும். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளம்; ஆனால் அதைப் பார்த்ததும் பிரிட்டன் என்று முடிவு கட்டக் கூடாது. சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா, யு எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்க ஒன்றியம். இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால், அரசு அதை விற்றுக் கைகழுவிவிட்டது என்று பொருள். ரிசீவரிலுள்ள குறிகள் பிரிவைச் சொல்லாது, ஆனால் எது பொய் என்று காட்டிக்கொடுக்கும். சிவப்புப் பட்டையோடு இருக்கும் ரைஃபிளின் ரிசீவரில் ஈ.ஆர்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால், அது 303 துப்பாக்கி. அந்தப் பட்டையோ மரமோ வேறிடத்திலிருந்து வந்தது.

அடிக்கட்டையின் மரத்தில் அடித்த எழுத்தும் எண்ணும்தான் ஹோம் கார்ட் பட்டாலியனுக்கு நம்மை அழைத்துப் போகக்கூடியவை. சீருடையின் துணிச் சின்னத்தில் கென்ட் மாவட்டத்துக்கு கே.டி. (KT), லண்டனுக்கு சி.ஓ.எல். போன்ற சுருக்கங்களும் கீழே பட்டாலியன் எண்ணும் இருந்தன. மரத்திலும் அந்த ஜோடி தெரிந்தால் பேச்சுக்கு இடமுண்டு. வெறும் எண் மட்டும் இருந்தால் அது ஆயுத அறையில் நிறுத்திய இடத்தின் எண்ணாகவே இருக்கலாம். ராஸ் ரைஃபிளில் இன்னும் கவனம் வேண்டும். அதன் கட்டையில் கனடாப் படைகள் முதல் உலகப் போரிலேயே அடித்த குறிகள் உண்டு. அவற்றை 1940இன் தலையில் கட்டிவிடுகிறார்கள். குழலில் 18.5 டன், 2.222 அங்குலம் என்றெல்லாம் இருப்பதையும் சிலர் பிரிவுக் குறி என்று நினைக்கிறார்கள். அவை பின்னாளில் விற்பனைக்காகச் சோதித்தபோது அடித்த அழுத்த அளவும் தோட்டா உறையின் நீளமும்.

இவை மோதிக்கொண்டால் நான் ரிசீவர் பக்கம் நிற்பேன். அடுத்து மரத்தில் அழுந்திய குறி, அதன் பிறகு வில்லை, கடைசியில் வண்ணம். வரிசை எண்ணோடு பட்டாலியனின் ஆயுதப் பதிவேடு கிடைத்துவிட்டால், இவை எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிடலாம்.

பார்க்கத் தொடங்கும் முன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைத் தெரிந்தவரைக் கொண்டு உறுதி செய்யுங்கள். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழும்பி வரும். துடைப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். பழைய சிவப்பு வண்ணம் கரைப்பான் பட்டால் போய்விடும், மரத்தைத் தேய்த்தால் எழுத்தின் விளிம்பும் போய்விடும்.