மா, குழி, மூட்டைக் கணக்கில் லிப்ரே ஆபிஸ்: 9 வருட அனுபவம்

2016 மே மாதம் கூட்டுறவுச் சங்க எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஜூனில் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் நான்கு பழைய டெஸ்க்டாப்பை வைத்து, எங்கள் ஊர் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கினேன். ஊர் திருவாரூர் மாவட்டத்தில், திருத்துறைப்பூண்டிக்கும் கோட்டூருக்கும் நடுவில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வாரம் மூன்று நாள், ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. கடிதம் அடிப்பது, கணக்குப் போடுவது, கோப்பைப் பத்திரமாக வைப்பது, பிரிண்ட் எடுப்பது என்று ஓர் அலுவலகத்தில் முதல் நாள் உட்காருகிறவருக்கு வேண்டிய அளவுதான் பாடம். இந்த ஒன்பது வருடமும் பயன்படுத்தியது லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள். பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ சொல்லிக்கொடுக்க நினைக்கிற யாருக்காவது உதவட்டும் என்று, எனக்குக் கைகொடுத்ததையும் காலை வாரியதையும் எழுதுகிறேன்.

லிப்ரே ஆபிஸை எடுத்ததற்குக் காரணம் காசு. உரிமம் வாங்க வேண்டியதில்லை, 4 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டியிலும் ஓடுகிறது. பிறகு பாடப்புத்தகமும் துணைக்கு வந்தது. நம் 9ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், ஸ்லைடு தயாரிக்கும் லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் ஒரு பாடம். பதினொன்றாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தால் ஓப்பன் ஆபிஸ் வரும். இரண்டும் ஒரே குடும்பம். அப்புறம், ஊரில் பல வீடுகளில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த அரசு லேப்டாப் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரைச் செருகினால் வேலை செய்தது. அப்படி ஆறு லேப்டாப் வந்து சேர்ந்ததால்தான் ஒரே நேரத்தில் பத்துப் பேரை உட்காரவைக்க முடிந்தது.

மெனுவைத் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. ஆசையாக ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஆனால் வெளியே எந்தக் கடையில், எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் ஆங்கில மெனுதான் இருக்கிறது. அங்கே திணறினார்கள். மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, விளக்கத்தை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான்.

நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது பெரிய சிக்கல். ஆரம்பத்தில் வந்த பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கவே வராது, ஆனால் ஃபைல், ஃபோல்டர் என்றால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். 2020இல் பள்ளி மூடி, வகுப்பெல்லாம் போனுக்குப் போன பிறகு வந்தவர்கள் நேர்மாறு. விரல் அவ்வளவு வேகம். ஆனால் "எங்கேம்மா சேவ் பண்ணினே?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்லதான் சார்" என்பார்கள். போனில் படம் எடுத்தால் அது கேலரியில் தானாக இருக்கும், எங்கே போய் உட்கார்ந்தது என்று யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. தவறு அவர்களிடம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது, அந்த ஒரு வருடம் பிள்ளைகளை வீணாகக் கடிந்துகொண்டேன் என்பதில் இன்னும் வருத்தம் உண்டு.

இப்போது முதல் மூன்று வாரம் டைப்பிங்கே கிடையாது. சங்கத்தில் நாங்கள் கோப்புகளைக் கட்டிவைத்த முறையைக் காட்டுகிறேன். அலமாரி, தட்டு, கட்டு, கட்டுக்குள் கோப்பு. நிஜமான காகிதத்தையும் கயிற்றையும் கொடுத்து, வருடவாரியாக, பொருள்வாரியாக அடுக்கச் சொல்கிறேன். அதே அடுக்கை அப்புறம் கணினியில் ஃபோல்டராகச் செய்கிறார்கள். கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வர வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் ஒரே கண்டிப்பான சட்டம். 2024-11-05 என்று ஆரம்பித்தால் தானாகவே கால வரிசையில் நிற்கும். "புதுசு", "புதுசு2", "கடைசி" என்றெல்லாம் பெயர் வைத்தால் அதை நான் திறந்து பார்ப்பதில்லை.

தமிழ் டைப்பிங்குக்குத் தமிழ்99. தமிழக அரசு 1999இல் ஏற்ற விசைப்பலகை. இடது கையில் உயிர், வலது கையில் மெய். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும், புள்ளி தானாக விழும். தஞ்சை என்றால் த, ஞ, ச, ஐ. ஞ-வுக்குப் பின் ச வந்தால் நடுவில் புள்ளி வந்துவிடும். இதைப் பார்த்ததும் பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே நான் இந்தப் பாடத்தை எடுப்பேன். தமிழ் இலக்கணத்தில் மனப்பாடம் செய்த இன எழுத்து இங்கே விரலுக்கு உதவுகிறது. போனில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்துப் பழகியவர்கள் முதல் இரண்டு வாரம் முரண்டு பிடிப்பார்கள். தினம் இருபது நிமிடம் விடாமல் அடித்தால் ஆறாவது வாரம் விசைப்பலகையைக் குனிந்து பார்க்கும் பழக்கம் போய்விடுகிறது. டைப்ரைட்டிங் லோயர் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை. அவர்கள் இன்ஸ்டிட்யூட்டில் பழகும் விசை வரிசை வேறு, ஒரே நேரத்தில் இரண்டைப் பழகினால் இரண்டும் கெடும்.

எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரித் தெரியும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டுமே அடிக்கச் சொல்கிறேன். அரசே 2010இல் அதை ஏற்று ஆணையிட்டுவிட்டது. இருந்தும் ஓர் அலுவலகத்துக்கு என் மாணவி அனுப்பிய கோப்பு, அங்கே பழைய எழுத்துருவில் வேண்டும் என்று திரும்பி வந்தது. எழுத்துரு மாற்றும் கருவியைத் தேடிப்பிடித்து மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து இரண்டு உலகம் இருக்கிறது என்பதை ஒரு வகுப்பில் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் என்றால் விண்ணப்பம்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு. எல்லாப் பிள்ளையும் செய்யும் தவறு ஒன்று உண்டு. தேதியை வலப்பக்கம் தள்ள ஸ்பேஸ்பாரை முப்பது தடவை தட்டுவது. எழுத்தின் அளவை 12இலிருந்து 14 ஆக்கச் சொல்வேன். வரிசை கலைந்துபோவதை அவர்களே பார்ப்பார்கள். அதன் பிறகு டேப் விசையும் வலப்பக்க ஒழுங்கும் மறக்காது. மாதிரிக் கடிதம் எதையும் கொடுப்பதில்லை. உண்மையாக அனுப்பப் போகும் கடிதம்தான். எங்கள் தெரு வாய்க்காலைத் தூர்வாரக் கேட்டு மூன்று பேர் சேர்ந்து அடித்த மனுவை, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் கொண்டுபோய்க் கொடுத்தார். தாங்கள் அடித்த காகிதத்தில் முத்திரை விழுந்து ரசீது வந்ததை அந்த மூன்று பேரும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இனி கால்க், அதாவது கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் தாள். லிப்ரே ஆபிஸில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். முதலிரண்டு வருடம் புத்தகத்தில் இருந்தபடி ஐந்து மாணவர், ஆறு பாடம், மொத்த மதிப்பெண், சராசரி என்று நடத்தினேன். செய்தார்கள், மறந்தார்கள். மூன்றாம் வருடம் ஒரு பையன் கேட்டான்: "சார், எங்க அப்பா நாலு மாங்கிறாரு, பத்திரத்துல ஏக்கர்னு போட்டிருக்கு. எது சரி?" அன்று பாடமே மாறியது.

நம் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. A2இல் மா எண்ணிக்கையை வைத்து, பக்கத்துக் கட்டத்தில் =A2*14400/435.6 என்று போட்டால் ஒரு மாவுக்கு 33.06 செண்ட் வரும். மூன்று மா ஒரு ஏக்கர் என்று எல்லாரும் வாய்க்கணக்குச் சொல்வோம். சூத்திரப்படி 99 செண்ட்தான். வேலிக்குப் பார்த்தால் ஐந்தரை செண்ட் குறைகிறது. அந்த ஐந்தரை செண்டைக் கண்டுபிடித்த அன்று ஏழரை மணிக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் தங்கள் வீட்டு நிலத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது கட்டத்தின் முகவரி நகராமல் டாலர் குறி போட்டுப் பூட்டுவது பிள்ளைகளுக்குக் கடினமான பாடம். அதற்கு நெல் விலை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. சன்ன ரகம் குவிண்டால் 2023-24இல் 2,310 ரூபாய், 2024-25இல் 2,450. விலையை மேலே ஒரே கட்டத்தில் வைத்து, கீழே பத்து வீட்டு மூட்டைகளை 0.4ஆல் பெருக்கிக் குவிண்டாலாக்கி, அதனோடு பெருக்க வேண்டும். பூட்டாமல் இழுத்தால் இரண்டாம் வரியிலிருந்து பூஜ்ஜியம் வரும். $B$1 என்று பூட்டியதும் எல்லா வரியும் சரியாகும். விலைக் கட்டத்தில் 2310ஐ 2450 ஆக்கினால் மூட்டை 924 ரூபாயிலிருந்து 980க்குப் போவது பத்து வீட்டுக்கும் ஒரே நொடியில் தெரிகிறது. பேரேட்டில் இதை நான் அடித்தல் திருத்தலோடு நாள் முழுக்க எழுதியிருக்கிறேன்.

எச்சரிக்கை ஒன்று. புல எண்ணை அடிக்கும்போது 145/2 அப்படியே நிற்கும். 12/3 என்று அடித்தால் எங்கள் கணினிகளில் அது தேதியாக மாறிவிடுகிறது. முதல் வருடம் இதைக் கவனிக்காமல் நாங்கள் தயாரித்த ஒரு பட்டியலில் நான்கு பேரின் புல எண் தேதியாகிப்போனது. காகிதம் என் கையெழுத்தோடுதான் போனது. எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடலாம். முழு நெடுவரிசையையும் முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுவது இன்னும் நல்லது. போன் எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்ஜியம், பதினைந்து இலக்கத்தைத் தாண்டும் வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

இம்ப்ரெஸுக்கு இரண்டு வகுப்புதான் ஒதுக்குகிறேன். எழுத்து பறந்து வருவதையும் சுழல்வதையும் அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரே கடிதத்தைப் பல பெயருக்குத் தானாக அடிக்கும் மெயில் மெர்ஜ் 9ஆம் வகுப்புக்கு வேண்டாம். இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன்.

கடைக்குப் பிரிண்ட் எடுக்கப் போனபோது, லிப்ரே ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) கோப்பைக் கொடுத்தோம், அங்கே திறக்கவில்லை. வேர்டு வடிவமான டாக்எக்ஸ் (.docx) ஆக்கிக் கொடுத்தோம், எழுத்துரு மாறி ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கமாகி வந்தது. கருவிப்பட்டையில் பிடிஎஃப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திக் கொடுங்கள், அந்தச் சிக்கல் அதோடு தீர்ந்தது.

மின்வெட்டு எங்களுக்குத் தினசரி. தானாகச் சேமிக்கும் இடைவெளி பத்து நிமிடமாக இருக்கும், அமைப்பில் போய் இரண்டாக்குங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தபோது அறையின் ஓடு பறந்து இரண்டு டெஸ்க்டாப்பும் மூன்று மானிட்டரும் மழையில் போயின. ஒரு மாதம் தெருவில் மின்சாரம் இல்லை. பிள்ளைகளின் கோப்புகள் தப்பியது, சனிக்கிழமைதோறும் எடுத்துவைத்த ஒரு பென் டிரைவால். அது பக்கத்து மச்சுவீட்டுப் பீரோவில் இருந்தது. அறுவடைக்குப் பின் எலி வயரைக் கடிப்பதும் நிற்கவில்லை. வயரை எல்லாம் பிவிசி குழாய்க்குள் விட்டிருக்கிறேன்.

இந்த வகுப்பு சான்றிதழ் தராது. டைப்ரைட்டிங் முடித்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆபிஸ் ஆட்டோமேஷன் தேர்வு எழுத விரும்புகிறவர்கள் இன்ஸ்டிட்யூட்டில் சேர்வது நல்லது. சேரும் நாளிலேயே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்களும் வீட்டுக் காகிதத்தை வைத்துப் பாடம் நடத்தினால், நடவுக்கூலி எழுதிய நோட்டு, மூட்டைக் கணக்கு, மகளிர் குழு வரவு செலவு இவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ இருக்கும் தாளை வாங்காதீர்கள். பத்துப் பேர் உட்காரும் பொதுக் கணினி அது. பாடத்துக்கு இலக்கம் வேண்டுமென்றால் பிள்ளைகளையே ஒரு எண்ணை இட்டுக்கட்டச் சொல்லலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.