எட்டுக்கு ஏழடி சமையலறை: கடப்பா கல்லா, பிளைவுட் பெட்டியா?

கிருஷ்ணகிரியில் எங்கள் சமையலறை எட்டடிக்கு ஏழடி. அலமாரி போட வந்த ஆசாரி நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சிங்க்கின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த இடத்துக்கு மட்டும் பலகை வேண்டாம் அம்மா" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் என் முடிவு பாதி முடிந்தது.

கடப்பா கல்லில் தடுப்பு எழுப்பிக் கதவு மட்டும் மாட்டுவது நம் பக்கத்துப் பழைய முறை. கல் ஊறாது, கரையான் அரிக்காது, அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் அசையாமல் தாங்கும். இழுப்பறைக்குத்தான் இடைஞ்சல். இழுப்பறை வழுக்கி ஓடும் உலோகத் தடமான சேனல் பொருத்தக் கல்லோடு மரச்சட்டம் சேர்க்க வேண்டும். சிறிய அறையில் அந்தச் சட்டம் பிடிக்கும் ஓர் அங்குலமும் பெரிது.

பிளைவுட் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் "தண்ணீர் படலாம்" என்று கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை, அதாவது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண், இருக்கிறதா என்று பாருங்கள். 303 என்றால் அது பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கான வேறு தரம். 710 ஆனாலும் வெட்டிய விளிம்பை மூடாமல் விட்டால் ஈரம் உள்ளே போகும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, நனைந்தால் உப்பிவிடும். பிளாஸ்டிக் வகையான பி.வி.சி. பலகை ஊறாது, ஆனால் அடுப்புச் சூட்டருகே வேண்டாம்.

மேற்பூச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணாடிபோல் மின்னும் அக்ரிலிக் கதவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி அறையைப் பெரிதாகக் காட்டும், உண்மைதான். எங்கள் வீட்டில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், பாத்திரம் கழுவ ஆழ்துளைக் கிணற்று நீர். அந்த உப்பு நீர் தெறித்துக் காய்ந்தால் அடர்நிறப் பளபளப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பலகைமேல் ஒட்டும் தகடான லேமினேட்டில், மங்கலான வெளிர்நிறம் எடுத்தால் கறை கண்ணில் படாது, விலையும் குறைவு. கோடு போட்ட, பள்ளம் செதுக்கிய கதவுகள் படத்தில் அழகு. களி கிண்டும் வீட்டில் ராகி மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தப் பள்ளங்களில்தான் போய் உட்காரும். தட்டையான கதவே துடைக்கச் சுலபம்.

ஆகவே எங்கள் வீட்டில் கீழ் வரிசை கடப்பா, அதற்கு 710 பிளைவுட் கதவு. அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று இழுப்பறைக்குப் பிளைவுட் பெட்டி. மேல் அலமாரிக்கு ஓரடி ஆழம் போதும். அதற்கு மேல் போனால் நெற்றியில் இடிக்கும். கதவின் உட்புறத்துக்கும் லேமினேட் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளைந்துகொள்ளும்.