இளநீரா, கொப்பரையா: ஆண்களுக்கான ஐந்து தேங்காய் மணங்கள், மூன்றாம் மணி நேரத்தில்

தேங்காய் மணம் என்று நம்பி ஒரு பெர்ஃப்யூமை வாங்கியவர் பிறகு முகம் சுளிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அது எந்தத் தேங்காய் என்பதை விற்பனைக் குறிப்பு சொல்லாமல் விடுவதுதான். தமிழில் இதற்குக் குழப்பமே இல்லை. இளநீர், வழுக்கை, முற்றிய காயின் துருவல், தேங்காய்ப்பால், கொப்பரை, எண்ணெய் என ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பெயர் இருக்கிறது; மூக்குக்கும் அவை தனித்தனியாகவே தெரியும். ஆண்களுக்கான இனிப்புத் தேங்காய் மணங்களை ஒப்பிடும்போது நான் இந்தப் பெயர்களையே அளவுகோலாகக் கொள்கிறேன். பெட்டியில் அச்சிட்ட நோட் (மணக்கூறு) பட்டியலைக் காட்டிலும் அவை நேரடியாகப் பேசுகின்றன.

எடுத்துக்கொண்டவை ஐந்து: ழான் பால் கோத்தியேயின் லெ போ (2019), அதன் செறிவான வடிவமான லெ போ லெ பர்ஃபம் (2022), அதே வரிசையில் வந்த லெ போ பாரடைஸ் கார்டன் (2024), க்ரீடின் வர்ஜின் ஐலண்ட் வாட்டர் (2007), டாம் ஃபோர்டின் சொலெய் ப்ளாங் (2016). கடைசி இரண்டும் ஆண்களுக்கென்று மட்டும் விற்கப்படுபவை அல்ல, இருபாலருக்கும் பொதுவானவை. ஆனாலும் தேங்காய் மணம் தேடிக் கிளம்பும் ஆண்கள் எப்படியும் இவற்றையும் முகர்ந்து பார்க்காமல் இருப்பதில்லை என்பதால் சேர்த்திருக்கிறேன்.

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெர்ஃப்யூமில் வரும் தேங்காய், தேங்காயிலிருந்து வருவது அரிது. காயைப் பிழிந்தால் கிடைப்பது கொழுப்பு எண்ணெயே தவிர, சந்தனக் கட்டையிலிருந்து வடிப்பதுபோன்ற செறிந்த நறுமண எண்ணெய் அன்று. ஆகவே லாக்டோன் எனப்படும் சேர்மங்களைக் கொண்டு அந்த மணத்தைக் கட்டி எழுப்புகிறார்கள். அவற்றுள் நெடுங்காலமாகப் புழங்குவது காமா நோனாலாக்டோன். தொழிலில் அதற்கு ஆல்டிஹைடு சி-18 என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அது ஆல்டிஹைடும் அன்று, அதில் 18 கார்பன் அணுக்களும் இல்லை, ஒன்பதுதான். உண்மையான தேங்காய்ப் பருப்பில் டெல்டா ஆக்டாலாக்டோன், டெல்டா டெக்காலாக்டோன் போன்றவை முன்னிற்கின்றன. புட்டியில் காமா நோனாலாக்டோன் முன்னுக்கு வரும்போது, தேங்காய் என்று மூக்கு ஒப்புக்கொண்டாலும், இப்போதுதான் உடைத்த காய் என்று நம்ப மறுப்பது இதனால்தான்.

தோலில் இந்த மணம் எப்படி மாறும் என்பதும் ஓரளவு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. எலுமிச்சை இனங்களில் உள்ள லிமோனீன் சுமார் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. காமா நோனாலாக்டோன் 240 டிகிரியைத் தாண்டுகிறது. டோங்கா என்ற தென் அமெரிக்க மரத்தின் கொட்டைக்கு மணம் தரும் கூமரின் 300 டிகிரியை ஒட்டி நிற்கிறது. தோலின் வெப்பம் 32, 33 டிகிரிதான் என்றாலும், யார் முதலில் எழுந்து போவார், யார் கடைசிவரை உட்கார்ந்திருப்பார் என்ற வரிசை ஏறத்தாழ இதேதான். எலுமிச்சை விலகிய பிறகு தேங்காய் தனித்து நிற்கும் காலம் ஒன்று உண்டு. அதற்குப் பின் அடியில் இருக்கும் பொருள் தேங்காயைத் தன் நிறத்துக்கு மாற்றத் தொடங்கும். இந்த ஐந்துக்கும் இடையே உண்மையான போட்டி நடப்பது அங்கேதான். கடையில் நீட்டும் அட்டையில் முதல் நிமிடம் மட்டுமே தெரியும். நான் கேட்பது மூன்றாம் மணி நேரத்தை.

லெ போவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், இதன் அமைப்பு மிக எளியது. மேலே பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழம், நடுவே தேங்காய் மரம் என்று அவர்கள் அழைக்கும் கூட்டு, அடியில் டோங்கா. க்வென்டின் பிஷ், சோனியா கான்ஸ்டன்ட் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. தெளித்த முதல் பத்து நிமிடங்களுக்குப் பெர்கமாட் சற்றுக் கூர்மையாகவே இருக்கிறது. தேங்காய் அதன் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. அரை மணி கழித்து முன்கையை மூக்கருகே கொண்டு வந்தால் ஈரமே இல்லாத ஒரு தேங்காய் தெரியும். இளநீரின் குளிர்ச்சியும் இல்லை, பாலின் கொழகொழப்பும் இல்லை. வெயிலில் காய்ந்த கொப்பரையின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினால் எழும் மணமும், சிரட்டையைத் தேய்க்கும்போது எழும் மரத்தூள் மணமும் கலந்த ஒன்று. மூன்றாம் மணி நேரத்தில் டோங்கா மேலே வந்து, பாதாமும் உலர்ந்த புல்லும் வெனிலாவும் சேர்ந்த தன் இனிப்பைத் தேங்காயின்மேல் பூசிவிடுகிறது. அந்த நேரத்தில் “தேங்காய் இன்னும் இருக்கிறது” என்று நாம் நினைப்பதில் பாதி, தேங்காயைப் பற்றிய நினைவுதான். உண்மையில் முகர்வது டோங்காவை.

இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. இந்த இனிப்பு ஆண்மைச் சாயலோடு ஒலிப்பதற்கே டோங்காதான் காரணம். ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்கின் 1868இல் டோங்காவின் அந்தக் கூமரினை ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டினார். 1882இல் ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட ஃபூழேர் ரோயால் பெர்ஃப்யூம் அதைப் பயன்படுத்தி ஆண்களின் மணங்களில் ஒரு தனிக் குடும்பத்தையே தொடங்கிவைத்தது. சவர நுரை, முகச்சவரத்துக்குப் பின் தடவும் திரவம் ஆகியவற்றோடு நம் மூக்கு கூமரினை அத்தனை காலமாக இணைத்துவந்திருக்கிறது. தேங்காயை வெறும் சர்க்கரையின்மேல் வைத்தால் மிட்டாய் ஆகிவிடும்; கூமரினின்மேல் வைத்தால் மழித்த கன்னத்துக்கு அருகே வருகிறது. லெ போவின் சாமர்த்தியம் முழுவதும் இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது.

லெ போ லெ பர்ஃபம் அதே கதையை மெதுவாகவும் கனமாகவும் சொல்கிறது. அன்னாசி, இஞ்சி, ஐரிஸ், சைப்ரஸ் ஆகியவை மேலே வருகின்றன; அடியில் டோங்காவுடன் சந்தனமும், ஆம்பர் எனப்படும் இதமான பிசின் மணமும் சேர்கின்றன. முதல் கால் மணி நேரம் அன்னாசியும் தேங்காயும் ஒன்றாக நிற்கும்போது கோடைக்காலப் பானம் ஒன்றின் சாயல் தவிர்க்க முடியாமல் வருகிறது; இங்கேயே சிலர் கையைத் தள்ளிவிடுவார்கள், அது அவசரம். ஐரிஸ் தன் பவுடர்போன்ற உலர்ந்த தன்மையைக் கொண்டுவந்தவுடன் பழத்தின் ஈரம் வற்றிவிடுகிறது. அதன் பிறகு கிடைப்பது அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சிய தேங்காய்ப்பால்: கெட்டியாக, இளஞ்சூடாக, ஓரத்தில் எண்ணெய் பிரியத் தொடங்கும் பதத்தில். லெ போவில் டோங்காவிடம் தோற்றுப் பின்வாங்கும் தேங்காய் இங்கே பின்வாங்குவதில்லை. சந்தனத்துக்கு இயல்பாகவே ஒரு பால்தன்மை இருப்பதால் அது தேங்காயைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் மணி நேரத் தேர்வில், தேங்காயைத் தேங்காயாகவே நீட்டிக்கும் திறனில், ஐந்தில் இதையே முதலிடத்தில் வைப்பேன். அணிவதற்கு எளிது எது என்று கேட்டால் பதில் வேறு.

பாரடைஸ் கார்டனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இது தேங்காயைப் பசுமையோடும் அத்தியோடும் கோக்கிறது. அத்தி மணத்தைக் கட்டமைக்கும்போது வாசனைக் கலைஞர்கள் லாக்டோன்களையே நாடுவதால், இந்த இரண்டும் உறவினர்கள்போல எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. இலையைக் கிள்ளினால் வரும் பால்போன்ற ஒரு பச்சை மணம் முதல் ஒரு மணி நேரம் இனிமையாக இருக்கிறது. ஆனால் நான் மேலே அடுக்கிய தேங்காய்ப் பெயர்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. தேங்காய்க்காக வாங்குகிறவருக்கு இது பக்கத்துத் தோட்டம்.

வர்ஜின் ஐலண்ட் வாட்டர் முற்றிலும் வேறு வகை. இதில் அடியில் கனமான டோங்கா மேடை இல்லை; பச்சை எலுமிச்சை, தேங்காய், வெள்ளை ரம், பின்னால் மெல்லிய கஸ்தூரி. தெளித்த கணத்தில் இந்த ஐந்திலும் மிக மகிழ்ச்சியான மணம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. சீவிய இளநீரின் வாயருகே எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற தெளிவு. வழுக்கையைக் கரண்டியால் வழித்தால் தெரியும் அந்த மென்மையும் அதனுள்ளே உண்டு. இனிப்பு இருக்கிறது, ஆனால் அது கரும்புச் சாற்றின் மெல்லிய இனிப்பு. எலுமிச்சையை முன்னிறுத்திய எந்த மணமும் தோலில் நெடுநேரம் உரக்கப் பேச முடியாது என்பதை அந்தக் கொதிநிலைக் கணக்கே சொல்லிவிட்டது. இதையும் அப்படித்தான் எதிர்பார்க்க வேண்டும். என் தோலில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இது சட்டையின் கைமடிப்பில் தெளிவாகவும், மணிக்கட்டில் கிசுகிசுப்பாகவும் இருக்கிறது. துணி உடலைவிடக் குளிர்ச்சியானது, எனவே அங்கே ஆவியாவது மெதுவாகிறது. இந்த மணத்தைத் துணியில் தெளிப்பதே உத்தமம், வெள்ளைத் துணியைத் தவிர்த்து.

சொலெய் ப்ளாங்கைப் பலர் ஒரே வார்த்தையில் ‘சன்ஸ்கிரீன்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தச் சொல் தவறில்லை. 1930களில் தோலைக் காக்கும் வெயில் எண்ணெய்கள் புழக்கத்துக்கு வந்தபோது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளாகப் பென்சைல் சாலிசிலேட் பயன்படுத்தப்பட்டது. அந்தச் சேர்மத்துக்கென்று மலர்போன்ற மெல்லிய, இதமான மணம் உண்டு. அது தேங்காயோடும் ய்லாங்-ய்லாங் பூவோடும் சேர்ந்து கடற்கரையின் மணமாகவே உலகெங்கும் பதிந்துபோயிற்று. சொலெய் ப்ளாங் அந்த நினைவின்மேல்தான் நிற்கிறது: ஏலக்காய் தொட்ட தொடக்கம், பிறகு ய்லாங்-ய்லாங், நிலசம்பங்கி, மல்லிகை, கடைசியில் ஆம்பர். மூன்றாம் மணி நேரத்தில் இது தேங்காய் எண்ணெய் தேய்த்த தோல் வெயிலில் சூடேறியதைப் போல ஆகிறது. மலர்கள் விலகாமல் உடன் வருவதால், ஆண்களில் சிலருக்கு இது அந்நியமாகப் படலாம், எனக்குப் படவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் இந்த மலர்கள் இன்னும் ஓங்கி நிற்கும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர் ஒரே நாளில் இரண்டுக்கு மேல் தெளிக்க வேண்டாம். இடது முன்கையில் ஒன்று, வலது முன்கையில் ஒன்று, முழங்கை மடிப்பிலிருந்து நான்கு விரல் கீழே. தேய்க்காமல் அப்படியே உலரவிட வேண்டும். வறண்ட தோல் என்றால் மணமில்லாத மாய்ஸ்சரைசரை முன்னதாகத் தடவிக்கொள்வது லாக்டோன்களைச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்து வைக்கும். லெ போவையும் வர்ஜின் ஐலண்ட் வாட்டரையும் இப்படி எதிரெதிர்க் கைகளில் வைத்தால், தேங்காய் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கும். வெப்பமான பகலுக்கு வர்ஜின் ஐலண்ட் வாட்டர், அன்றாடத்துக்கு லெ போ, குளிர்ந்த மாலைக்கு லெ பர்ஃபம் என்பது என் தேர்வு. ஒன்றே ஒன்று என்றால் லெ போ.

லெ பர்ஃபமில் மட்டும் அளவு முக்கியம். லாக்டோனுக்கும் கூமரினுக்கும் அணிந்தவரின் மூக்கு விரைவில் பழகிவிடும். ஒருநாள் மணம் போய்விட்டது என்றெண்ணி, முதலில் தெளித்த இரண்டோடு மேலும் இரண்டு தெளித்துக்கொண்டு மூடிய அறைக்குள் போனேன். எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. எதிரே அமர்ந்திருந்தவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.