எம்14: எப்பாக்சி இட்ட மரக்கட்டையா, அலுமினியச் சட்டகமா?

அமெரிக்க ராணுவம் 1957-இல் ஏற்று, 1964-இல் உற்பத்தியை முடித்துக்கொண்ட எம்14 துப்பாக்கியைத் தொலைதூரத்தில் துல்லியமாகச் சுடும் கருவியாக மாற்றுவதற்கு இரண்டு வழிகள் நிலைபெற்றிருக்கின்றன. என்னிடம் இருப்பது, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே சுடும் அதன் பொதுமக்கள் வடிவமான எம்1ஏ. நான்கு ஆண்டுகள் அதை முதல் வழியில் வைத்திருந்துவிட்டு, சென்ற ஆண்டு இரண்டாம் வழிக்கு மாறினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் வழி, வியட்நாம் போரின்போது 1969-இல் களத்துக்கு வந்த எம்21 என்ற மறைந்திருந்து சுடுவோருக்கான துப்பாக்கி காட்டிய வழி. போட்டித் தரத்தில் செய்த எம்14-களைத் தேர்ந்தெடுத்து, ரிசீவர் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் உலோக உடல்) மரக்கட்டையில் அமரும் இடத்தில், இறுகிக் கெட்டியாகும் எப்பாக்சி பிசின் கலவையைப் படுகையாக இட்டு, உலோகத்துக்கும் கட்டைக்கும் இடையே மயிரிழை அசைவுகூட இல்லாமல் செய்தார்கள். இரண்டாம் வழி, மரக்கட்டைக்குப் பதிலாகத் துப்பாக்கியைத் தாங்கும், சேஜ் நிறுவனத்தின் அலுமினியச் சட்டகம். அமெரிக்கக் கடற்படையின் சீல் சிறப்புப் படை வீரர்களுக்காக உருவான இது, ஆப்கானிஸ்தானில் 5.56 மி.மீ. துப்பாக்கிகளின் எட்டும் தூரம் போதாமல் போனபோது, ராணுவம் கிடங்கிலிருந்து எடுத்த பழைய எம்14-களுக்கும் பொருத்தப்பட்டது.

எடையிலும் அழகிலும் மரக்கட்டையே மேல். ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கியுடன்) ஐந்தரைக் கிலோவுக்குள் இருந்த என் துப்பாக்கி, சட்டகத்தில் ஏறியதும் ஆறரைக் கிலோவைத் தாண்டிவிட்டது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எப்பாக்சிப் படுகை புதிதாக இருக்கும்வரை அதன் துல்லியத்தில் குறை காண முடியாது. துப்பாக்கியைக் கட்டையிலிருந்து கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் படுகை சிறிது தேய்கிறது என்பதுதான் சிக்கல். அதனால் அனுபவசாலிகள் ஆண்டுக்கு ஓரிரு முறைக்குமேல் கழற்றுவதில்லை. இந்தத் துப்பாக்கியின் குழலை வாய்ப்பக்கத்திலிருந்துதான் சுத்தம் செய்ய முடியும். கரைப்பான் வழிந்து எப்பாக்சியை இளக்கிவிடாமலிருக்க, அதைத் தலைகீழாகக் கிடத்தியே துடைத்துவந்தேன். ஒருமுறை போட்டியின் நடுவே மழையில் நனைந்ததால் வேறு வழியின்றிக் கழற்றி உலர்த்தினேன். அதுவரை 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்த குண்டுகள், அடுத்த வாரம் மூன்று அங்குலத்துக்குப் பரவின. படுகையை மீண்டும் இட்டுத் தரக்கூடிய, எம்14 நுணுக்கம் அறிந்த கைவினைஞர் கிடைப்பதற்கு ஏழு மாதங்கள் காத்திருந்தேன்.

சட்டகத்தில் இந்தக் கவலை இல்லை. உலோகம் உலோகத்தின்மீது அமர்கிறது. குழலின் முன்பகுதியும், ஆப்பரேட்டிங் ராடு (சுட்டதும் பின்னோக்கி நகர்ந்து துப்பாக்கியை இயக்கும் தண்டு) வழிகாட்டிக்குப் பதிலாக வரும் உலோகக் கட்டி வழியாகச் சட்டகத்தோடு திருகி இறுக்கப்படுகிறது. இதுவரை ஆறு முறை கழற்றி மாட்டியும் குறி அரை அங்குலத்துக்குமேல் நகரவில்லை. ஆயினும் ஸ்கோப்பைத் தாங்கும் ரிசீவரின் பக்கவாட்டுப் பிடி, இந்த வடிவமைப்போடு பிறந்த பலவீனம். அதன் திருகு தளர்கிறதா என்று இரண்டு வழிகளிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் 600 கெஜத்துக்கு அப்பால் சுட்டதில்லை. இந்த எடையைத் தோளில் சுமந்து மலையேறியதும் இல்லை. நாளெல்லாம் நடப்பவர் என் தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எம்110 போன்ற புதிய துப்பாக்கியையே வாங்கக்கூடியவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அதில் ஸ்கோப் ரிசீவரின் தட்டையான மேற்புறத்தில் உறுதியாக அமர்கிறது, எப்பாக்சிப் படுகைக்கும் தேவையில்லை.

மறுவிற்பனையை எண்ணித் தயங்குவோருக்கு ஒன்று சொல்லலாம். சட்டகத்துக்காகத் துப்பாக்கியில் எதையும் அறுக்கவோ துளையிடவோ தேவைப்படவில்லை. கழற்றிய வழிகாட்டியையும் பழைய வால்நட் கட்டையையும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். விற்கும் நாள் வந்தால் அவையும் துப்பாக்கியோடு சேர்ந்தே போகும்.